நாள்பட்ட நோயோடு ஜெபம், உபவாசம், சபை ஐக்கியம்: நடைமுறையில் எப்படி?

அத்திமரம் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு லூப்பஸ், உடலின் நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய். தினமும் காலையில் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, ஹைட்ராக்சிகுளோரோகுயின். கூடும், குறையும், முழுதாகப் போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஊக்கமூட்டும் சாட்சிகள் நிறையக் கேட்டாயிற்று. இங்கே கேட்பது வேறு. விசுவாசத்தையும் ஐக்கியத்தையும் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவதற்கான வழிமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களைப்பு மிகுந்த நாளில் வேதத்தைத் திறந்தால் ஒரே வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன், மனதில் நிற்பதில்லை. சபையில் உபவாச ஜெபம் அறிவித்திருக்கிறார்கள். என் மாத்திரையோ சாப்பாட்டுக்குப் பிறகு. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? நோய் தெரிந்த புதிதில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், இப்போது யாரும் வருவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. திரும்ப எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

வார்டு_விளக்கு:

சகோதரி, மருந்தை முதலில் பேசிவிடலாம். அதில்தான் உயிராபத்து இருக்கிறது.

ப்ரெட்னிசலோனைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற உடலின் இயற்கை ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடலில் இரண்டுமே இருக்காது. வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் சரிவது, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான். காய்ச்சலோ விடாத வாந்தியோ வந்தால் அளவைக் கூட்டக்கூட வேண்டியிருக்கும். ஆகவே "இந்த மூன்று நாள் மட்டும் விட்டுவிடுகிறேன்" என்பது உங்களுக்குக் கிடையாது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் வேறு மாதிரி ஏமாற்றும். அது உடலை விட்டு மிக மெதுவாக வெளியேறும். பாதி அளவு குறையவே ஏறக்குறைய 40 நாள். நிறுத்தியவருக்கு முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளியில்தான் மேடையேறி "மாத்திரையை விட்டேன், சுகமாயிருக்கிறேன்" என்று சொல்கிறார்கள். நோய் திரும்பக் கிளம்புவது அதற்குப் பிறகு, அப்போது மேடையில் யாரும் கேட்பதில்லை. சாட்சி சொன்னவர் பொய் சொன்னார் என்றில்லை, அவருக்கே தெரிந்திருக்காது.

உபவாசத்துக்கு வருகிறேன். காலை மாத்திரையும் அதற்கான ஆகாரமும் தண்ணீரும் அப்படியே இருக்கட்டும். வெறும் வயிற்றில் ஸ்டீராய்டு வயிற்றைக் கெடுக்கும். சிறுநீரகம் தொட்ட லூப்பஸ் என்றால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது இன்னும் மோசம். விட வேண்டும் என்றால் கைபேசியை விடுங்கள், அல்லது மருத்துவர் ஒப்புக்கொண்டால் தானியேல் 1:12இல் உள்ளது போலப் பத்து நாள் எளிய மரக்கறி உணவு. கூட்டு உபவாசத்தில் நேரமும் ஜெபக்குறிப்புகளும் பொதுவாக இருந்தால் போதும், எல்லோருடைய தட்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்சுலின், அல்லது கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழும். 70 mg/dLக்குக் கீழே போனால் உபவாசம் அங்கேயே முடிந்தது: 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் கூடிவிடலாம். மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

இரண்டு சின்ன விஷயம். லூப்பஸுக்கு வெயில் ஆகாது. திறந்தவெளிக் கூட்டம், ஆற்றங்கரை ஞானஸ்நானம் என்றால் முழுக்கைச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன், நிழலில் இடம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர் பொதுப் பாத்திரத்தில் குடிப்பதைத் தவிர்த்து, தனிக் கிண்ணம் கேட்டு வாங்கலாம். தலையில் கைவைத்து ஜெபிக்க வருகிறவர் கை கழுவிவிட்டு வரட்டும், சளியோ காய்ச்சலோ இருந்தால் தொலைபேசியில் ஜெபிக்கட்டும்.

பெரோயா_வாசகன்:

மாத்திரை பற்றிக் கேட்பவருக்கு நீண்ட விவாதம் வேண்டாம். "எனக்காக ஜெபியுங்கள், மிகவும் சந்தோஷம். மருந்து விஷயம் எனக்கும் மருத்துவருக்கும் இடையில்." இவ்வளவுதான். மறுபடியும் ஆரம்பித்தால் அதே இரண்டு வாக்கியம், அதே தொனியில். புதுக் காரணம் சொல்லப் போனால் அதற்கொரு புது வசனம் வரும்.

உங்கள் மனத்தெளிவுக்காக வேண்டுமானால் வேதத்தைப் பார்ப்போம். யாக்கோபு 5:14-15ஐ மெதுவாகப் படியுங்கள். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கிறான். அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். "விசுவாசமுள்ள ஜெபம்" என்பது அங்கே மூப்பர்கள் ஏறெடுக்கிற ஜெபம். படுத்திருப்பவனின் விசுவாசத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. மாற்கு 2:5இலும் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கியவர்களின் விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு பேசுகிறார். ஆக, விசுவாசக் குறைவு என்று யாராவது ஆரம்பித்தால் கேள்வி முதலில் ஜெபிக்கிறவர் பக்கமே திரும்பும். இதைச் சபையில் சொல்லச் சொல்லவில்லை, சண்டை வரும். உள்ளுக்குள் தெரிந்திருந்தால் போதும்.

மருந்தை வேதம் ஒதுக்கவும் இல்லை. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுப்பதாக வாக்குத்தத்தம் வந்த பிறகும் பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைத்தார்கள் (ஏசாயா 38:21). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் என்று பவுல் எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:23). அதே பவுல் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்ததாகச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:20), அவனைக் குறைசொல்லி ஒரு வார்த்தை கிடையாது. சுகம் கிடைத்ததாக உணர்ந்தாலும் வழி இருக்கிறது: பத்துக் குஷ்டரோகிகளையும் ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் இயேசு (லூக்கா 17:14). நியாயப்பிரமாணத்தின்படி சோதித்துப் பார்க்க அதிகாரம் பெற்றவர்கள் அவர்களே. இன்றைக்கு அது இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும். முதலில் சோதனை, பிறகு மருத்துவர் அளவைக் குறைப்பது, சாட்சி கடைசியில்.

களைப்பு நாட்களின் வாசிப்புக்கு: 120 முதல் 134 வரை உள்ள 15 ஆரோகண சங்கீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 132 மட்டும் 18 வசனம். மற்ற எதுவும் 9ஐத் தாண்டாது. நாளுக்கு ஒன்று, அதையும் ஒலிப்பதிவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். விட்டுப்போன நாளைக் கூட்டிப் படிக்காதீர்கள், அடுத்ததற்குப் போய்விடுங்கள். வருடத்தில் முழு வேதாகமம் என்ற அட்டவணை உங்கள் நிலையில் கடன் புத்தகமாகிவிடும். நேரத்தை விடியற்காலையோடு முடிச்சுப் போடாமல் மாத்திரை நேரத்தோடு போடுங்கள். எழும் நேரம் மாறும், மாத்திரை நேரம் மாறாது. அதுவும் முடியாத நாளில் மாற்கு 10:47இல் குருடன் கூப்பிட்ட "எனக்கு இரங்கும்" போதும். அது அரைகுறை ஜெபம் ஆகாது.

88ஆம் சங்கீதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

வார்டு_விளக்கு:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்டீராய்டு மனநிலையை மாற்றும்: தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை. அளவைக் கூட்டியபோதும் குறைத்தபோதும் "கர்த்தர் தூரமாகிவிட்டார்" என்று தோன்றினால் முதலில் நாட்காட்டியில் அளவு மாறிய தேதியைப் பாருங்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தாலோ, சாக வேண்டும் என்று தோன்றினாலோ அதை ஆவிக்குரிய வறட்சி என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலாவதற்கு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள், இரண்டாவதென்றால் அன்றைக்கே.

2001இல் உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவமனையில் சேர்ந்திருந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 பேரை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கவனித்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டாரோ, அவர் அன்பு உண்மைதானா என்று போராடிக்கொண்டிருந்தவர்களிடம் மரண அபாயம் கூடுதலாக இருந்தது. எது எதற்குக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நோயாளியிடம் போய் "உன் பாவம் என்னவென்று யோசி" என்கிறவர்கள் எதோடு விளையாடுகிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

செல்குரூப்_சாவி:

கடைசிக் கேள்விக்கு நான். ஆட்கள் வராமல் போனதற்கு அன்பு குறைந்தது காரணமாக இருக்காது. சபைகளின் உதவி முறையே அறுவை சிகிச்சைக்கும் மரண வீட்டுக்கும் பழகியது: ஓடி வருவார்கள், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். முடிவே இல்லாத நோயில் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல், சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். எனவே உதவிக்கு முடிவுத் தேதி வையுங்கள்.

ஆறு பேர், பன்னிரண்டு வாரம். வாரத்துக்கு இருவர் பொறுப்பு. அப்படியானால் ஒருவருக்கு மூன்று வாரத்தில் ஒரு முறைதான் வரும், மொத்தம் நான்கு முறை. பன்னிரண்டாம் வாரம் விலக விரும்புகிறவர் காரணம் சொல்லாமல் விலகலாம், வேறொருவர் வருவார். இதை நடத்துவது நீங்களாக இருக்கக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர், உங்களிடம் பேசுகிறவர் அவர் மட்டும். ஆறு பேரும் தனித்தனியாக "இப்போ எப்படி இருக்கு" என்று கேட்டால் பதில் எழுதியே களைத்துப்போவீர்கள்.

"ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பது நல்ல மனதில் வரும் பேச்சுதான், ஆனால் வேலை முழுவதையும் நோயாளி தலையில் போடுகிறது. நீங்கள் முந்திக்கொண்டு பட்டியல் கொடுங்கள். பொதுவாக எழுதாமல் நாள், நேரம், எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதுங்கள்: இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிட, புதன் காலை, இரண்டு மணி நேரம். மருந்துக் கடையில் மாதாந்திர மருந்து வாங்கிவர. வியாழன் கூட்டத்தின்போது கைபேசி இணைப்பைப் போட்டுத் தர. வெறுமனே உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிக்க, 20 நிமிடம். இந்தக் கடைசி வகையைப் பட்டியலில் விடாமல் சேருங்கள். சமைக்கவும் வண்டி ஓட்டவும் முடியாத முதியவர்கள் இதற்குத்தான் காத்திருப்பார்கள்.

ஒருங்கிணைப்பாளருக்குக் காலையில் ஒரு சொல் அனுப்பினால் போதும். பச்சை என்றால் வரலாம், மஞ்சள் என்றால் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகலாம், சிவப்பு என்றால் இன்று வேண்டாம். விளக்கம் கேட்கக் கூடாது என்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

ஜெபக்குறிப்பில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு குழுவில் போட்டது இரவுக்குள் நாலு குழுவுக்குப் போய்விடும். நீங்களே மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: என்ன ஜெபிக்க வேண்டும், எதுவரை, இதை வெளியே பகிரலாமா கூடாதா. பரிசோதனை முடிவுகள், குழந்தைப்பேறு சம்பந்தப்பட்டவை, வீட்டுப் பணப் பிரச்சினை எதையும் அதில் போடாதீர்கள்.

வீட்டிலிருந்து கூட்டத்தில் சேரும்போது வழக்கமாக என்ன ஆகிறது என்றால், கைபேசியைப் பேசுகிறவருக்குத் தூரமாக வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதை வட்டத்துக்கு நடுவே வைத்து, ஒருவர் பொறுப்பெடுத்து, பகிர்வு நேரத்தில் இணைப்பில் இருப்பவரை முதலில் பேசச் சொல்ல வேண்டும். கடைசியில் கேட்டால் அதற்குள் அவர் படுத்திருப்பார். பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்காது, அந்தப் பத்து நிமிடம் நீங்கள் ஒலியை அணைத்துவிட்டு ஓய்வெடுக்கலாம். நேரில் போகும் வாரம் என்றால் மறுநாளைக் காலியாக வையுங்கள். உழைப்பின் களைப்பு சிலருக்கு ஒருநாள் தாமதமாக வரும்.

உங்களுக்கும் ஒரு ஊழியம் இருக்கட்டும், ஆனால் தேதி இல்லாத ஊழியமாக. ஐந்து பேரின் பெயர் வைத்து மன்றாடுவது, முடிந்த அன்று ஒருவருக்குக் குரல்செய்தி அனுப்புவது. ஞாயிறு பள்ளி வகுப்பு மாதிரி நீங்கள் வராவிட்டால் நின்றுபோகிற பொறுப்பை எடுக்காதீர்கள். தோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். எழுத்து வேலை அங்கிருந்தே தொடர்ந்தது. இதை உங்களுக்கு இலக்காக வைக்கவில்லை. படுக்கையிலிருந்து செய்யக்கூடிய வேலையும் சபையின் வேலைதான் என்று உங்கள் போதகருக்குச் சொல்ல உதவும், அவ்வளவே.

மெழுகுதிரி:

கத்தோலிக்க வாசகர்களுக்காகச் சுருக்கமாக. நோயில்பூசுதல், அதாவது குரு நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அப்படியல்ல என்று கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே தெளிவுபடுத்திவிட்டது. கடுமையான நாள்பட்ட நோயிலும் பெறலாம். அதே நோய் மேலும் மோசமானால் மறுபடியும் பெறலாம் (1983 திருச்சபைச் சட்டம் 1004). நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் கட்டாயமில்லை (அதே சட்டம் 919). தண்ணீரும் மருந்தும் யாருக்குமே நோன்பை முறிப்பதில்லை.

வீட்டில் நற்கருணை பெறும்போது: வாய் வறட்சி இருந்தால் சிறு துண்டு போதும் என்று குருவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கட்டும். வீட்டில் ஆக்சிஜன் ஓடுகிறதென்றால் மெழுகுதிரி ஏற்றவே கூடாது. என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அத்திமரம்:

எல்லோருக்கும் நன்றி. போதகரிடம் ஆறு பேர் முறையைக் காட்டப்போகிறேன். ஒரு சந்தேகம்: ஒருங்கிணைப்பாளராக என் கணவரையே போடலாமா? அவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

செல்குரூப்_சாவி:

வேண்டாம், சகோதரி. எல்லாம் தெரிந்தவர் என்பதால்தான் வேண்டாம். அவர் ஏற்கெனவே முழுநேரம் பார்க்கிறார். ஆறு பேருக்குப் பதில் சொல்லும் வேலையும் சேர்ந்தால் முதலில் விழுகிறவர் அவராக இருப்பார். அவர் பெயரைப் பட்டியலின் மறுபக்கத்தில் எழுதுங்கள்: வாரத்தில் ஒரு மாலை, மூன்று மணி நேரம், வேறொருவர் உங்களோடு இருக்க அவர் வெளியே போய்வரட்டும். அந்த நேரத்தில் அவர் எங்கே போனார் என்று சபையில் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒருங்கிணைப்பாளருக்குத் தேவை இரண்டே தகுதி: செய்திக்கு அன்றைக்கே பதில் போடுகிறவர், கேட்டதை வெளியே சொல்லாதவர்.