இரும்புத்தாது குழாய்க்குள் அடியில் தங்கிவிடாதா?

குடியாத்தம்_மெக்கானிக்கல்:
வணக்கம். வேலூரில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். சத்தீஸ்கரின் பைலாடிலா சுரங்கத்திலிருந்து விசாகப்பட்டினம் வரை 267 கிலோமீட்டர் தாதுக்குழம்பு (தூளாக்கிய இரும்புத்தாதுவைத் தண்ணீரில் கலந்தது) குழாயிலேயே போகிறது என்று படித்ததிலிருந்து ஒரு சந்தேகம். தண்ணீரைவிட ஐந்து மடங்கு கனமான தூள் வழியில் தங்கிவிடாதா? நடுவில் கரண்ட் போனால்?

காட்பாடி_ரிட்டயர்டு:
தம்பி, இப்படி ஒரு குழாயின் பம்ப் ஹவுஸில் 14 வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். விஷயமே அரைப்பதில்தான் இருக்கிறது. ரவையைத் தண்ணீரில் கரைத்தால் உடனே அடியில் உட்காரும். வழவழவென்று அரைத்த மாவு அவ்வளவு சீக்கிரம் உட்காராது. அதனால் தாதுவின் பெரும்பகுதி 45 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே வரும்வரை மில்லில் அரைப்போம். குழம்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. குழாய் உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பும் சேரும்.

வேகம் விநாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். குறைந்தால் தூள் படியும், கூடினால் குழாயை அரிக்கும். ஒன்றரை மீட்டர் என்பது கொஞ்சம் எட்டி நடக்கிற வேகம்தான். காட்பாடியில் விட்டால் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சென்னைக்கு மறுநாள் அதே நேரத்துக்குத்தான் போய்ச் சேரும்.

கரண்ட் போவதுதான் வயிற்றைக் கலக்கும். திட்டமிட்டு நிறுத்துவதென்றால் பின்னால் வெறும் தண்ணீரை விட்டுக் குழம்பைத் தள்ளிவிடலாம். திடீரென்று நின்றால் அதற்கு வழியில்லை. சரிவு அதிகமான இடத்தில் படிந்த தூள் வழுக்கிப் பள்ளத்தில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் தடம் போடும்போதே சரிவை 100 மீட்டருக்கு 10, 15 மீட்டருக்கு மேல் விடமாட்டார்கள். ஒரு மழை ராத்திரி எங்களுக்கு நாலு மணி நேரம் நின்றுபோனது. திரும்ப ஓட்டும்போது பிரஷர் கேஜ் முள் ஏறிக்கொண்டே போகிறது. பம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினோம். விடிகிறவரை யாரும் உட்காரவில்லை. அப்புறம் முள் மெல்ல இறங்கியது பார், அந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

வாணியம்பாடி_ஆசிரியை:
ஐயா, பாலாறு மணலாய்க் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்குத் தண்ணீர்தான் முதலில் தோன்றுகிறது. பழைய வட ஆற்காட்டில், திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிற கவுத்திமலையிலும் இரும்புத்தாது இருக்கிறதே, அங்கே இப்படிக் குழாய் போட்டால்?

காட்பாடி_ரிட்டயர்டு:
கேட்க வேண்டிய கேள்வி அம்மா. ஒரு டன் தாதுவோடு அரை டன் தண்ணீரும் போய்விடுகிறது. கடற்கரையில் வடிகட்டிப் பிரித்தாலும், இன்னொரு குழாய் போட்டால் ஒழிய அது கிளம்பின ஊருக்குத் திரும்பாது. கர்நாடகத்தின் குதிரைமுகம் சுரங்கத்திலிருந்து மங்களூருக்கு 67 கிலோமீட்டர் குழாய் ஓடியதென்றால், அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டுகிற இடம். கவுத்திமலையைச் சுற்றி ஏரியையும் கிணற்றையும் நம்பித்தான் விவசாயம். லாரியைவிடக் குழாயில் டீசலும் தூசியும் மிச்சம் என்று அதில் சம்பளம் வாங்கிய நானே சொல்வேன். ஆனால் அங்கே போட நான் சம்மதிக்க மாட்டேன்.

குடியாத்தம்_மெக்கானிக்கல்:
நன்றி சார். நான்கு மணி நேரத்துக்கும் மேல் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

காட்பாடி_ரிட்டயர்டு:
அடைத்துக்கொண்டிருந்தால், அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, குழாயை அறுத்துத்தான் எடுத்திருப்போம் தம்பி.