‘கடத்து’: எங்கே பொருந்தும், எங்கே இடறும்?

மெய்ப்புமேசை:
சமையல் கட்டுரை ஒன்றில் ‘பாட்டி தன் கைப்பக்குவத்தைப் பேத்திக்குக் கடத்தினாள்’ என்று வருகிறது. கடத்தல் என்றாலே திருட்டு வேலை, மாற்றுங்கள் என்கிறார் ஆசிரியர். அப்படியே விடலாமா? மாற்றினால் எந்தச் சொல்?

வேர்ச்சொல்:
தாராளமாக விடலாம். நட–நடத்து, கிட–கிடத்து போல, கட–கடத்து. பிறவினை. ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகச் செய்வதுதான் பொருள். செம்பு மின்சாரத்தைக் கடத்துகிறது; வேர் உறிஞ்சிய நீரைத் தண்டு இலைக்குக் கடத்துகிறது. இதில் எந்தக் குற்றமும் இல்லை.

குற்றத்தின் வாடை செயப்படுபொருளால் வருகிறது. ஆள், தங்கம், மணல், ரேஷன் அரிசி என்று தூக்கிப்போகக் கூடியது எதுவானாலும் வாசகர் மனம் வழக்குச் செய்திக்கே போகும். ‘தலைமுறைகளாகக் கடத்தப்பட்ட கலை’ சரி. ‘கடத்தப்பட்ட சிலை’ என்றால் திருட்டுச் சிலை. ‘வெள்ளம் சூழ்ந்த ஊருக்கு மருந்தைக் கடத்தினர்’ என்று எழுதவே கூடாது, ‘கொண்டுசேர்த்தனர்’ என்க. ‘தகவலைக் கடத்தினார்’ என்பதும் வேண்டாம்: தெரிவித்தாரா, கசியவிட்டாரா?

தெற்குவீதி:
இலக்கணம் சரி, ஆனால் அந்த வாக்கியத்தில் நான் ‘கடத்தினாள்’ போடமாட்டேன். பாட்டி பக்கத்தில் நிற்கவைத்து, புளி எவ்வளவு, உப்பு எப்போது என்று சொல்லித்தந்திருந்தால் ‘கற்றுக்கொடுத்தாள்’. பேத்தி பார்த்தே பிடித்துக்கொண்டிருந்தால் ‘பாட்டியின் கைப்பக்குவம் பேத்திக்கும் வந்தது’. கட்டுரையில் எது நடந்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

‘கைமாற்றினாள்’ மட்டும் வேண்டாம். கைமாறினால் கொடுத்தவரிடம் மிஞ்சாது. கைப்பக்குவம் பாட்டியிடமும் இருக்கும். போதாக்குறைக்குக் கைமாற்று என்பது எழுத்தில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். சாவி, பொறுப்பு என்றால் ‘ஒப்படை’, இலங்கையில் ‘கையளி’. நோயைக் கொசு ‘பரப்பும்’. ‘நாளைக் கடத்து’ என்றால் இழுத்தடிப்பது.

ஒற்று:
மெய்ப்புப் பார்ப்பவருக்கு இன்னொன்று. ‘கடத்திச் சென்றனர்’ வினையெச்சம், ‘ச்’ கட்டாயம். ‘மின்கடத்தி சூடாகும்’ என்பதில் கடத்தி எழுவாய், ஒற்று வராது. அறிவியல் பாடங்களில் ‘கடத்திச் சூடாகும்’ என்று தானாக ஒற்றுப் போட்டுவிடுகிறார்கள். அங்கே பொருளே மாறிவிடும். வெறும் ‘கடத்தி’ குழப்பினால் மின்கடத்தி, வெப்பக்கடத்தி என்று முழுச்சொல்லாகவே எழுதுங்கள்.

மெய்ப்புமேசை:
கட்டுரையில் பாட்டி அளவு சொல்லித்தான் தருகிறார். ‘கற்றுக்கொடுத்தாள்’ என்றே போடுகிறேன். நன்றி.