எவர்கிரீனிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். பழைய மருந்தில் சின்ன மாற்றம் செய்து, அதற்குப் புதிதாக இன்னொரு காப்புரிமம் (பேட்டன்ட்) வாங்கி, போட்டி மருந்து வருவதைத் தள்ளிப்போடும் உத்தியைத்தான் ஆங்கிலத்தில் எவர்கிரீனிங் என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளும் என் பதில்களும் கீழே.

> ‘காப்புரிமப் பசுமையாக்கம்’ என்று வைத்துக்கொண்டால் என்ன? மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறதே.

ஐயா, பசுமையாக்கம் என்றாலே நம் ஆட்களுக்கு மரக்கன்று நடுவதுதான் நினைவுக்கு வரும். அதோடு, மருந்து நிறுவனங்கள் பார்க்கும் இந்த வேலைக்கு நாமே நல்ல பெயர் சூட்டியதாகவும் ஆகிவிடும்.

> அப்படியானால் ‘காப்புரிமக் கால நீட்டிப்பு’?

கேட்டவுடன் புரிகிறது, ஆனால் சட்டப்படி பொருந்தாது. இந்தியாவில் காப்புரிமத்தின் ஆயுள் 20 ஆண்டுகள். அதை யாரும் நீட்டித் தருவதில்லை. சில நாடுகளில் சட்டமே கால நீட்டிப்பு தருகிறது, அது வேறு சங்கதி. இங்கே பழைய மருந்தில் சின்ன மாற்றம் செய்து, அதற்கென்று புதிதாக இன்னொரு காப்புரிமம் கேட்கிறார்கள். சொல்லில் இது தெரிய வேண்டும்.

நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். 1998இல் அந்த விண்ணப்பம் போடப்பட்டது சென்னைக் காப்புரிம அலுவலகத்தில்தான். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்து அது. இமாட்டினிப் என்ற மூலக்கூறு ஏற்கெனவே தெரிந்தது, அதன் மெசிலேட் உப்பும் தெரிந்தது. அந்த உப்பின் பீட்டா படிக வடிவத்துக்குத்தான் உரிமம் கேட்டார்கள். 2006இல் சென்னை அலுவலகம் மறுத்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு, திறன் கூடாவிட்டால் உரிமம் இல்லை என்கிறது காப்புரிமச் சட்டத்தின் பிரிவு 3(டி). அது செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. புதிய வடிவம் 30 விழுக்காடு கூடுதலாக உடலில் சேர்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். அது மட்டும் போதாது, நோய் தீர்க்கும் திறன் கூடியதற்குத் தரவு எங்கே என்று கேட்டது நீதிமன்றம். கிளிவெக் மாதத்துக்கு லட்ச ரூபாயைத் தாண்டிய காலம் அது. மற்ற நிறுவனங்கள் விற்ற அதே மருந்தோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நோயாளியின் வீட்டில் அந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினை.

2023 மார்ச்சில் மும்பைக் காப்புரிம அலுவலகமும் காசநோய் மருந்தான பெடாக்விலினின் பியூமரேட் உப்புக்கு உரிமம் மறுத்தது. எதிர்மனு போட்டவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள். பழைய மருந்துகளின் பக்கவிளைவால் இருவருமே கேட்கும் திறனை இழந்தவர்கள். அந்த உரிமம் கிடைத்திருந்தால் 2027 வரை போட்டி மருந்துக்கு வழியில்லாமல் போயிருக்கும்.

சரி, என் முன்மொழிவு: ஒட்டுக் காப்புரிமம். நைந்த வேட்டியில் ஒட்டுப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவோம் அல்லவா, அந்த ஒட்டு. பழையது ஒன்று இருக்கிறது, அதன் மேல் புதுத்துண்டு ஒன்று வருகிறது, ஆயுளைக் கூட்டுவதுதான் நோக்கம் என்ற மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. செயலைச் சொல்ல ‘காப்புரிமத்துக்கு ஒட்டுப் போடுதல்’.

> ஒட்டுச்செடி நல்ல பொருள் தருமே?

தரும். ஆனால் ‘பிரிவு 3(டி) ஒட்டுக் காப்புரிமங்களைத் தடுக்கிறது’ என்று வாக்கியத்தில் வைத்துப் படித்தால் யாருக்கும் மாங்கன்று நினைவுக்கு வராது என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தெரிந்த மருந்தின் புதிய வடிவம் எல்லாவற்றுக்குமே இப்பிரிவு கதவடைப்பதில்லை. திறன் கணிசமாகக் கூடினால் உரிமம் உண்டு. அதற்கு ‘மேம்பாட்டுக் காப்புரிமம்’ என்ற தனிச்சொல்லை வைத்துக்கொள்ளலாம். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவார்கள். தமிழிலாவது நாம் பிரித்தே எழுதுவோம்.

மாற்றுச்சொல் தருபவர்கள் தனிச்சொல்லாகத் தராமல், மேலே உள்ள 3(டி) வாக்கியத்திலேயே பொருத்தி அனுப்புங்கள். நீதிமன்றச் செய்தி எழுதுபவருக்கு அது கைகொடுக்குமா என்று அப்போதுதான் தெரியும்.