கஸ்டம் ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம்: வரைபடத்தில் முன்சக்கரம் காலில் இடிக்கும் போலிருக்கிறது, ஒப்புதலுக்கு முன் உதவி தேவை

எதிர்காற்று:
வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பில்டரிடம் கையால் செய்யும் ஸ்டீல் ஃப்ரேமுக்கு முன்பணம் கட்டியாயிற்று. வரைபடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் சொல்ல வேண்டும். அதன்பின் குழாய்களை வெட்டிவிடுவார், மாற்ற முடியாது.

ஓட்டுபவர் உயரம் 158 செ.மீ., கால் உள்நீளம் 74 செ.மீ., எடை 58 கிலோ, கூடவே 12 கிலோ வரை சாமான். தினசரிப் பயணத்துக்கும் சரளைப் பாதைக்கும். சீட் உயரம் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் இடம்) மையத்திலிருந்து 655 மி.மீ.

வரைபடத்தில் உள்ளவை (நீளங்கள் மி.மீ.): ஸ்டாக் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் டியூப், அதாவது ஃபோர்க் நுழையும் முன்குழாய், அதன் உச்சிக்கு உள்ள உயரம்) 545, ரீச் (அதே உச்சிக்கு முன்னோக்கிய தூரம்) 354, கிடைமட்ட மேல் குழாய் 515, சீட் கோணம் 73.5°, ஹெட் கோணம் 71.5°, செயின்ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரம் வரையுள்ள குழாய்) 435, பாட்டம் பிராக்கெட் இறக்கம் (சக்கர அச்சுகளுக்குக் கீழே) 70. ஃபோர்க் நீளம் 385, ஆஃப்செட் (ஸ்டியரிங் அச்சுக்கு முன்னால் சக்கர அச்சு நிற்கும் தூரம்) 45. டயர் 700×40, கிராங்க் 170.

கேள்விகள்: (1) ஷூ முனை டயரில் இடிக்குமா? (2) குழாய் ரெனால்ட்ஸ் 853 (ஒரு ஸ்டீல் குழாய் வகை) வேண்டும் என்று கேட்கலாமா? (3) வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கம்பியாரம்:
இடிக்கும், அதுவும் நன்றாகவே இடிக்கும். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து முன் ஆக்சில் வரை சுமார் 564 மி.மீ. வருகிறது. 700×40 டயரின் ஆரம் 351. மீதி 213. அந்த இடத்துக்குள் கிராங்க் 170-ம், பெடல் ஆக்சிலுக்கு முன்னால் நீளும் ஷூ முனை ஏறக்குறைய 85-ம் அடங்க வேண்டும். மொத்தம் 255. ஆக 42 மி.மீ. இடிபாடு. ஷூ போட்டு பெடலில் கால் வைத்து அந்த 85-ஐ நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

வேகமாகப் போகும்போது ஹேண்டில்பார் அவ்வளவு திரும்பாது, அதனால் தெரியாது. சிக்னலில் மெதுவாக வளைத்துக் கிளம்பும்போதும், செங்குத்தான சரளை ஏற்றத்தில் தள்ளாடும்போதும்தான் மாட்டும். குட்டை ஆட்களுக்குக் கடையில் கிடைக்கும் சைக்கிள்களில் இது சகஜம். கஸ்டம் என்று காசு கொடுத்துச் செய்யும்போது இதை ஏற்க வேண்டியதில்லை.

மூன்று மாற்றங்களைச் சேர்த்துச் செய்யுங்கள்:

சக்கரத்தை 650பி×47 (700-ஐவிடச் சிறிய ரிம், அகலமான டயர்) ஆக்குங்கள். ஆரம் 339, அதில் 12 மி.மீ. மிச்சம். கிராங்க் 160, அதில் 10. ஹெட் கோணம் 70°, ஆஃப்செட் 52, அதில் 22. முன் ஆக்சில் 586-க்குப் போய்விடும்.

கோணத்தைச் சாய்த்துவிட்டு ஆஃப்செட்டை 45-லேயே விட்டால் ஸ்டியரிங் கனத்துவிடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறேன். முதல் வரைபடத்தில் டிரெயில் (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் அதன் பின்னால் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 70 மி.மீ., மாற்றியபின் 68. கைக்கு ஏறக்குறைய அதே வண்டிதான். இறக்கம் 70 அப்படியே இருக்கட்டும்: சக்கரம் சிறிதாவதால் பாட்டம் பிராக்கெட் 12 மி.மீ. தாழும், கிராங்க் 10 குறைவதால் பெடலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 111-லிருந்து 109 ஆகும். கவலையில்லை.

ஆஃப்செட் 52-க்கு கார்பன் ஃபோர்க் தேடி அலைய வேண்டாம். அதே பில்டரிடம் ஸ்டீல் ஃபோர்க் செய்யச் சொல்லுங்கள். டிஸ்க் பிரேக் இழுவை முழுக்க ஃபோர்க்கின் இடது காலில் இறங்கும். அதனால் டிஸ்க்குக்கென்று வரும் தடித்த ஃபோர்க் குழாயாக இருக்கட்டும்.

பித்தளைப்பற்று:
கணக்கு சரி. கிராங்க்கைக் குறைத்தால் சீட்டையும் நகர்த்த வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெடல் கீழ்நிலையில் 10 மி.மீ. மேலே வருகிறது, ஆகவே சீட் உயரம் 655 அல்ல, 665. ஹேண்டில்பாரை அதே இடத்தில் விட்டால் சீட்டுக்குக் கீழே இன்னும் 10 மி.மீ. தணிந்துவிடும், தோளும் கழுத்தும் சொல்லும். ஹெட் டியூபை 10 மி.மீ. உயர்த்தச் சொல்லுங்கள். சீட் சாய்வாக ஏறுவதால் 3 மி.மீ. பின்னாலும் போகும், அதை ரெயிலில் முன்னே தள்ளிக்கொள்ளலாம்.

இரண்டாவது, வரைபடத்தில் கீழ் ஹெட்செட் கப்பின் (ஃபோர்க் திரும்பும் பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்) உயரம் எழுதவில்லையே? 44 மி.மீ. ஹெட் டியூபில் கீழே வெளிக்கப் போட்டால் அது மட்டும் சுமார் 12 மி.மீ. ஃபோர்க் 385 என்பது அந்தக் கப்புக்குக் கீழிருந்து தொடங்குவது. கப்பைக் கணக்கில் சேர்க்காமல் ஃப்ரேம் செய்தால் முன்பக்கம் தூக்கி, ஹெட் கோணமும் சீட் கோணமும் ஏறக்குறைய 0.7° சாயும், பாட்டம் பிராக்கெட் 5 மி.மீ. உயரும். பற்றவைத்தபின் திருத்த வழியில்லை. எந்த ஹெட்செட் என்று மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

853 பற்றி: ஸ்டீல் எதுவானாலும் விறைப்பு ஒன்றுதான். ஓட்டத்தில் உணர்வது குழாயின் விட்டமும் சுவர்த் தடிமனும். 853-ன் சிறப்பு, டிக் வெல்டிங் (குழாய்களையே உருக்கி இணைப்பது) சூட்டுக்குப்பின் ஆறும்போது பற்றின் அருகில் வலு குறையாமல் நிற்பது. உங்கள் பில்டர் பித்தளையில் ஃபில்லெட் பிரேசிங் (குழாயை உருக்காமல் பித்தளையை மட்டும் உருக்கிப் பற்றவைப்பது) செய்பவரானால் பெயருக்காக அதைக் கேட்க வேண்டாம். எடையையும் சுமையையும் சொல்லுங்கள். 28.6 மேல் குழாய், 31.8 கீழ் குழாய், 0.8/0.5/0.8 தடிமன் (முனைகளில் தடித்து நடுவில் மெலிந்தது) உங்களுக்குத் தாராளம். பழைய ரெனால்ட்ஸ் 531 கையிருப்பில் இருக்கிறது என்றால், அது பிரேசிங்குக்கான குழாய். வெல்டிங்குக்கு வேண்டாம்.

எதிர்காற்று:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இங்குள்ள மழைக்கு வருடம் முழுக்க மட்கார்டு இருக்கும். துளைகள் போடச் சொல்லியிருக்கிறேன். வேறு ஏதாவது மாறுமா?

கம்பியாரம்:
மாறும். நல்லவேளை, வெள்ளிக்கு முன் சொன்னீர்கள். மட்கார்டு டயருக்கு வெளியே சுமார் 15 மி.மீ. நிற்கும். ஷூ இடிக்கப்போவது டயரில் அல்ல, அதில். டயர் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் போகும். மட்கார்டின் நுனியில் மாட்டினால் அதைத் தாங்கும் கம்பி வளைந்து சக்கரத்துக்குள் சுருண்டுவிடும், அது ஆபத்து.

மேலே சொன்ன மாற்றங்களுக்குப்பின் நமக்கு மிஞ்சியது 2 மி.மீ. (586 − 339 − 245). மட்கார்டு போட்டால் 13 குறைவு. ஆகவே மேல் குழாயை 515-லிருந்து 530 ஆக்கி, ஸ்டெம்மை அதே 15 மி.மீ. குறையுங்கள். கை எட்டும் தூரம் மாறாது, முன் ஆக்சில் 601-க்குப் போகும், மறுபடி 2 மி.மீ. கையில். சக்கரம் திரும்பும்போது இன்னும் சில மி.மீ. கிடைக்கும். கூடவே முன் மட்கார்டு கம்பிகள் அழுத்தம் பட்டால் தானே கழன்றுகொள்ளும் கிளிப் உள்ளவையாக இருக்கட்டும்.

பின்பக்கம் டயருக்கும், இருபுறக் குழாய்களை இணைக்கும் பாலத்துக்கும் 15 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி என்று எழுதுங்கள். செயின்ஸ்டேக்களுக்கு நடுவே டயருக்கு இருபுறமும் 6 மி.மீ. வேண்டும். இதைச் சொல்லும்போது செயின்ரிங் பல் எண்ணிக்கையும் செயின்லைனும் (ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து செயினுக்கு உள்ள தூரம்) சேர்த்துச் சொன்னால்தான் எங்கே நசுக்கிக் குறுக்குவது என்று அவருக்குத் தெரியும். பலர் பற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். செயின்ரிங் ஸ்டேயில் உரசுவது அங்கேதான் தொடங்குகிறது.

எதிர்காற்று:
திருத்தம் அனுப்பிவிட்டேன்: 650பி×47, மட்கார்டுடன், மேல் குழாய் 530, ஹெட் 70°, ஆஃப்செட் 52, கிராங்க் 160, சீட் உயரம் 665, ஹெட் டியூப் +10, கீழ்க் கப் 12 கணக்கில் சேர்த்து. ஹப் (அகலம்×அச்சு விட்டம்) பின்பக்கம் 142×12, முன்பக்கம் 100×12, பாட்டம் பிராக்கெட் 68 மி.மீ. திருகு வகை. ஃப்ரேம் கைக்கு வந்ததும் எதைச் சோதிப்பது?

பித்தளைப்பற்று:
பெயின்ட் அடித்தபின் திருகுமரையைச் சீவி, முகங்களைச் சமப்படுத்தித் தருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். பவுடர் கோட் உள்ளே போனால் பாட்டம் பிராக்கெட் கையால் ஏறாது. அடம்பிடித்து ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும்.

வந்ததும் 27.2 சீட்போஸ்ட்டைக் கிரீஸ் தடவி இறக்கிப் பாருங்கள். கைவிசையிலேயே முழு ஆழம் போக வேண்டும். பற்றவைத்த சூட்டில் சீட் டியூபின் வாய் சுருங்கியிருந்தால் பாதியில் பிடிக்கும், உள்ளே ரீமர் (துளையைச் சீவும் கருவி) ஓட்டித் தரச் சொல்லுங்கள், தட்டி இறக்காதீர்கள்.

நேர்மைக்கு ஒரு நூல் போதும். இடது பின் டிராப்அவுட்டில் (சக்கர அச்சு பூட்டும் இடம்) கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, வலது டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பாகங்கள் பூட்டும் முன் படம் எடுத்து அனுப்புங்கள். பூட்டியபின் பேச்சு நீளும்.

கடைசியாக, குழாய்களின் உள்ளே துருத் தடுப்பு ஸ்ப்ரே அடித்து, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, ஒரு இரவு வடிய விடுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் வடிகால் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். வரைபடத்தில் இல்லையென்றால் நாளைக்குள் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.