சில்க்ஸ்டோன் சுரங்கம்: கதவு, கதவு என்று கத்துபவர்களுக்காக

இடும்பன்:
பக்கத்து இழையில் வக்கீல்குமாஸ்தா எழுதிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக வருகிறது. அங்கே பதில் போட்டால் தலைப்பு திசைமாறிவிடும் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன். அவர் சொன்னது: "சில்க்ஸ்டோனில் 26 பிள்ளைகள் செத்தது மழையால். கீழேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு போனது அவர்களேதான். முதலாளியை இதில் இழுக்காதீர்கள்."

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சில்க்ஸ்டோன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் உள்ள கிராமம். வயல், காடு, ஒரு பெரிய பழைய கிறிஸ்தவக் கோயில், அடியில் நிலக்கரி. 1838 ஜூலை 4 அன்று ஆலங்கட்டியோடு பேய்மழை. மேலே கொதிகலன் அடுப்பு அணைந்தது, ஆட்களை மேலே தூக்கும் இயந்திரம் நின்றது. சுரங்கத்தில் வேலை பார்த்த பிள்ளைகள் இருட்டில் காத்துக் கிடந்து பார்த்துவிட்டு, காற்றுக்காக வெட்டியிருந்த சாய்வுப் பாதை வழியே ஹஸ்கர் குழிப் பக்கமாக வெளியேறக் கிளம்பினார்கள். காட்டோரத்து ஓடை உடைப்பெடுத்து அந்தப் பாதைக்குள்ளேயே பாய்ந்தது. சற்று முன் தாண்டி வந்த கதவிலேயே அவர்களை அடித்துக்கொண்டுபோய் அழுத்திவிட்டது. அவ்வளவுதான். இதில் எங்கே ஐயா அவர்கள் குற்றம்?

வக்கீல்குமாஸ்தா:
தனி இழையே தொடங்கிவிட்டார், சந்தோஷம். உணர்ச்சிவசப்படாமல் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கதவைத் திறந்தது யார்? முதலாளி வந்து திறந்தாரா? அன்றைய விசாரணையிலும் விபத்து என்றுதான் முடிவானது. நான் கற்பனை செய்து எழுதவில்லை.

இடும்பன்:
கதவைத் திறந்து மூடுவதுதான் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே கொடுத்திருந்த வேலையே! காற்று தப்பிப் போகாமல் இருக்கச் சுரங்கத்துக்குள் அங்கங்கே கதவு. கரித்தொட்டி வரும்போது திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். இதற்காகப் பொழுதுக்கும் இருட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். பக்கத்து ஊர் காபர் சுரங்கத்தில் இந்த வேலை பார்த்த சாரா கூடர் என்ற 8 வயதுச் சிறுமி, விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பது பயமாக இருக்கிறது என்று பிறகு விசாரணைக் குழுவிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் கதவைத் திற என்று பழக்கிவிட்டு, செத்த பிறகு ஏன் திறந்தாய் என்று கேட்பதுதான் உங்கள் சட்ட அறிவா?

வக்கீல்குமாஸ்தா:
ஆக, திறந்தது அவர்கள்தான் என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

பார்ன்ஸ்லிக்காரி:
நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், அந்தக் கோயில் வளாகத்துக்குப் போயிருக்கிறேன் என்பதால் ஒரு வார்த்தை. செத்த பிள்ளைகளுக்காக அங்கே வைத்த நினைவுக்கல்லை நேரில் பார்த்தால் இரண்டு பேரும் கொஞ்சம் அடங்குவீர்கள். ஒரு பக்கம் பையன்கள் பெயர், இன்னொரு பக்கம் பெண்பிள்ளைகள் பெயர், பக்கத்திலேயே வயது. 7இல் தொடங்கி 17 வரை. அண்ணன் தம்பி ஜோடிகள் இருக்கின்றன. எலிசபெத் கிளார்க்சன், வயது 11, தன் அண்ணன் ஜேம்ஸின் காலடியில் கிடக்கிறாள் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அதே கல்லில்தான் இது கடவுள் அனுப்பிய இடி மின்னல் என்றும், படிப்பவனே நீயும் நியாயத்தீர்ப்பு நாளை நினைத்துக்கொள் என்றும் மிரட்டல். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வக்கீல்குமாஸ்தா:
பாருங்கள், ஊர்க்காரர்களே கடவுள் செயல் என்றுதான் கல்லில் எழுதினார்கள். நம் இடும்பனுக்கு மட்டும் ஊரைவிட அதிகம் தெரியும்.

இடும்பன்:
ஊர்க்காரர்கள் யாரும் எழுதவில்லை. எழுத்துத் தெரியாத கரிவெட்டியா உட்கார்ந்து அந்த வாசகத்தைத் தயாரித்தான்? அதிலும் "ஆர். சி. கிளார்க் எஸ்கொயர் அவர்களின் சுரங்கங்கள்" என்று மரியாதையாக முதலாளி பெயரைப் போட்டுவிட்டுப் பழியை மட்டும் வானத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். மழை கடவுள் பெய்வித்தது, சரி. 7 வயதுப் பிள்ளையை நிலத்தடியில் இறக்கியதும் கடவுளா? இயந்திரம் நின்றால் மேலே வர வேறு பத்திரமான வழி இல்லாமல் வைத்திருந்ததும் கடவுளா? 1833லேயே பஞ்சாலைகளில் 9 வயதுக்குக் கீழே வேலைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, சுரங்கத்துக்கு மட்டும் வரவில்லை. அதற்கும் கதவுதான் காரணமா? கால்வாய் இழையிலும் இப்படித்தான், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் சுற்றவிட்டீர்கள், நான் மறக்கவில்லை.

அரைப்படிப்பு:
சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். விக்டோரியா ராணி கேள்விப்பட்டு உடனே சட்டம் போட்டார் என்று எங்கேயோ படித்தேனே? அப்புறம், சில்க்ஸ்டோன் என்றால் வெறும் கரியும் சாவும்தானா? பூட்டும் நீரழுத்த இயந்திரமும் செய்த ஜோசப் பிரமா அந்தப் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) பிறந்தவர். அவரைப் பற்றி இங்கே ஒருத்தரும் பேசவில்லை.

இடும்பன்:
எந்த "உடனே"? ராணிக்கு முடிசூட்டு விழா நடந்தது ஜூன் 28, அடுத்த வாரமே இந்தச் சாவு. குழந்தைத் தொழிலாளர் விசாரணைக் குழு அமைத்தது 1840இல். அறிக்கை வந்தது 1842இல். ஆஷ்லி பிரபு கொண்டுவந்த சுரங்க மசோதாவில் பையன்களுக்குக் குறைந்தபட்சம் 13 வயது என்று இருந்ததை 10ஆகக் குறைத்துத்தான் நிறைவேற்றினார்கள். பிரபுக்கள் சபையில் எதிர்த்துக் கத்திய லண்டன்டெரி பிரபு யார்? டர்ஹாமில் அவரே சுரங்க முதலாளி. சட்டம் வந்தும் நாடு முழுமைக்கும் ஒரே ஒரு ஆய்வாளர், டிரெமன்ஹீர். ஆரம்ப வருடங்களில் அவர் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கவே இல்லை. குமாஸ்தா அவர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வக்கீல்குமாஸ்தா:
கேட்டது கதவு, வந்தது லண்டன்டெரி.

பார்ன்ஸ்லிக்காரி:
அரைப்படிப்பு, பிரமா பிறந்தது ஸ்டெயின்பரோவில், எங்கள் பார்ன்ஸ்லிக்குப் பக்கம். சில்க்ஸ்டோன் ஆள் என்று சொந்தம் கொண்டாட வேண்டாம்.

அரைப்படிப்பு:
அம்மா, ஸ்டெயின்பரோ அப்போது சில்க்ஸ்டோன் பங்கில்தான் இருந்தது. அதைவிட வேடிக்கை, உங்கள் பார்ன்ஸ்லியே ஒரு காலத்தில் அதே பங்கைச் சேர்ந்த சிற்றூர்தான். பிள்ளை பெரிசாகிவிட்டது என்பதற்காகத் தாயை மறக்கலாமா? பிரமாவுக்கான நினைவுப் பலகையும் சில்க்ஸ்டோன் கோயிலில்தான் இருக்கிறது.

பார்ன்ஸ்லிக்காரி:
பெரிய தாய்! கால்வாய் பார்ன்ஸ்லி பெயரில் வந்த பிறகுதான் உங்கள் கரி ஊர் தாண்டியது. அதுவரைக்கும் யார் வாங்கினார்கள்?

அரைப்படிப்பு:
அந்தக் கால்வாயின் படகுத்துறைக்கு 1809இல் குதிரைத் தண்டவாளம் போட்டுக் கரியைக் கொண்டுபோனது சில்க்ஸ்டோன். அடிக்கற்கள் இன்னும் பாதையோரம் கிடக்கின்றன. லண்டன் வீட்டு அடுப்புகளில் பேர் வாங்கியது "சில்க்ஸ்டோன் கரி"தான். பார்ன்ஸ்லி கரி என்று கேட்டு எவனும் வரிசையில் நிற்கவில்லை.

பார்ன்ஸ்லிக்காரி:
பார்ன்ஸ்லிப் படிமம் என்று ஒரு கரிப்படுகை இருப்பதே இவருக்குத் தெரியாது போல. பேரும் பாதி, படிப்பும் பாதி.

வக்கீல்குமாஸ்தா:
கடைசியாகக் கேட்கிறேன். கீழேயே இருந்தவர்கள் பிழைத்தார்களா இல்லையா? கதவைத் தாண்டியவர்கள்தானே செத்தார்கள்? ஆம் அல்லது இல்லை.

இடும்பன்:
ஆம் இல்லை என்று கேட்க நான் உங்கள் கூண்டில் நிற்கவில்லை. பிரமா, தண்டவாளம் எல்லாவற்றுக்கும் வேறு இழை தொடங்கிக்கொள்ளுங்கள், இங்கே குப்பை போடாதீர்கள். குமாஸ்தா, ஆய்வாளர் விஷயம் கேட்டு எவ்வளவு நேரமாகிறது? வாயே திறக்கவில்லை. 7 வயது விஷயத்துக்கும் பதில் இல்லை. நான் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன்.