பிக் டூ: அஞ்சு சீட்டு இறக்குறதுல எது பெரிசு?

கேள்வி – ஜோக்கர்வேண்டாம்
பிக் டூ சீட்டாட்டம் ஆடுறோம். நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு, 3-தான் ரொம்பச் சின்ன சீட்டு, 2-தான் ரொம்பப் பெரிசு. இதுவரை தகராறு இல்லை. அஞ்சு சீட்டு இறக்கும்போதுதான் சண்டை. ரெண்டு ஃபிளஷ் (அஞ்சும் ஒரே இனம்) மோதினா எது ஜெயிக்கும்? ஏஸ்-2-3-4-5 செல்லுமா? நாலு 9 வச்சிருக்கவர் ஒத்தை 2-ஐ வெட்டலாமா?

பதில் 1 – கடைசிச்சீட்டு
கீழிருந்து மேல்: ஸ்ட்ரெயிட் (தொடர்ச்சியான அஞ்சு எண்), ஃபிளஷ், ஃபுல் ஹவுஸ் (மூணு ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்), நாலு ஒரே எண்ணும் கூட ஒரு உதிரிச் சீட்டும், ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் (ஒரே இனத்துல தொடர்ச்சியா அஞ்சு). இனம் டைமன், கிளாவர், ஆர்ட்டின், இஸ்பேட்னு ஏறும்.

ரெண்டு ஸ்ட்ரெயிட் மோதினா உச்சிச் சீட்டு; அதுவும் சமம்னா அந்தச் சீட்டோட இனம். ஃபுல் ஹவுஸ்ல மூணு சீட்டோட எண் மட்டும்தான் கணக்கு, ஜோடி எதுவா இருந்தாலும் சரி. ஃபிளஷ்ல ரெண்டு வழக்கம் உண்டு: சிலர் முதல்ல இனம் பார்ப்பாங்க, சிலர் உச்சிச் சீட்டு பார்ப்பாங்க. ஏஸ்-2-3-4-5-ஐ சிலர் எல்லாத்துக்கும் மேல வைப்பாங்க, சிலர் அடியில. இந்த ரெண்டையும் சீட்டு போடுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. பாதி ஆட்டத்துல பேசினா அவரவர் கைக்கு ஏத்த சட்டம்தான் வரும்.

ஒத்தை 2-ஐ நாலு 9 வெட்டாது. ஒத்தைக்கு ஒத்தை, ஜோடிக்கு ஜோடி, அஞ்சுக்கு அஞ்சு. நாலு ஒரே எண் ஒத்தை 2-ஐ வெட்டுறது வியட்நாம் ஆட்டமான டியென் லென்ல. அங்கே தொடர்ச்சியான மூணு ஜோடியும் வெட்டும், ஆர்ட்டின்தான் உசந்த இனம். ரெண்டையும் கலந்து ஆடுறவங்க கிட்டதான் இந்தக் குழப்பம்.

பதில் 2 – இஸ்பேட்2
வரிசை சரி. ஆனா எது அடிக்கடி வரும்னும் தெரியணும். 13 சீட்டுல ஏதாவது ஒரு இனம் அஞ்சோ அதுக்கு மேலயோ வர்றது 100-க்கு சுமார் 65 தடவை. அதனால குட்டி ஃபிளஷ்ஷை நம்பி முதல்ல இறக்காதீங்க, எதிர்ல இன்னொண்ணு இருக்கும். நாலு ஒரே எண் 100-க்கு மூணு தடவைக்குக் கொஞ்சம் மேல, ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் ரெண்டு தடவைகூட வராது.

நிறைய பேர் கெடுத்துக்கிறது 2-ல. இஸ்பேட், ஆர்ட்டின், டைமன் மூணு 2-ம் கையில இருக்குன்னு ஃபுல் ஹவுஸ் கட்டினா ஒரு தடவைதான் ஆட்டம் உங்க கைக்கு வரும். தனித்தனியா வச்சா ரெண்டு தடவை நிச்சயம்; டைமன் 2-ஐ மட்டும் கிளாவர் 2 வெட்டலாம்.

பதில் 3 – மூணாம்கை
பாதிதான் ஒத்துக்கிறேன். கையில 3-3, 5-5 மாதிரி சின்ன ஜோடி கிடந்தா அதைத் தள்ள ஃபுல் ஹவுஸை விட்டா நல்ல வழி இல்லை. ஆனா அதுக்கு மூணு 6-ஓ மூணு 8-ஓ போதும், 2-ஐத் தொட வேண்டாம். நாலு ஒரே எண் இருந்தா உதிரியா எப்பவும் கையிலேயே சின்ன அநாதைச் சீட்டைத் தள்ளுங்க. அதோட பலம் பாதி அங்கேதான் இருக்கு.

ஜோக்கர்வேண்டாம்
ஃபிளஷ்ஷுக்கு உச்சிச் சீட்டுன்னு முடிவு பண்ணிட்டோம். உச்சிச் சீட்டும் ஒண்ணா இருந்தா?

கடைசிச்சீட்டு
அதுக்கு அடுத்த சீட்டு, அப்படியே அஞ்சாவது வரை. அஞ்சும் ஒண்ணா இருந்தாதான் இனம்.