டிஎன்எஸ் மாற்றியும் ஒரு தளம் மட்டும் 'கனெக்‌ஷன் ரீசெட்', ஆனால் பத்தில் மூன்று தடவை திறக்கிறது. தடையா, கோளாறா?

வலைநூல் (கேள்வி)

விண்டோஸ் 11, குரோம், வீட்டு பிராட்பேண்ட். ஒரே ஒரு செய்தித் தளம் மட்டும் திறப்பதில்லை. ஒரு நொடிக்குள் 'கனெக்‌ஷன் ரீசெட்' என்று வந்துவிடுகிறது. மொபைல் டேட்டாவில் ஒழுங்காகத் திறக்கிறது. டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.1 ஆக மாற்றினேன், கேஷ் காலி செய்தேன், இன்காக்னிட்டோவிலும் பார்த்தேன். பிங் போகிறது.

குழப்பம் இதுதான்: விடாமல் ரிஃப்ரெஷ் அடித்தால் பத்தில் மூன்று தடவை முழுப் பக்கமும் வந்துவிடுகிறது. தடை போட்டிருந்தால் எப்போதுமே வரக்கூடாது அல்லவா? தடைதான் என்றால், எச்டிடிபிஎஸ் இருக்கும்போது நான் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்று நடுவில் இருப்பவருக்கு எப்படித் தெரிகிறது?

பாக்கெட்பாண்டி

என்ன பிழை வருதுன்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். பெயரே கிடைக்கலைன்னாலோ, சம்பந்தமில்லாத ஐபி வந்தாலோ டிஎன்எஸ்ல கை வெச்சிருக்காங்க. ரொம்ப நேரம் சுத்தி டைம்அவுட் ஆனா பாக்கெட்டை எங்கேயோ கொட்டிடறாங்க. உடனே ரீசெட் (இணைப்பை அறுக்கற பாக்கெட்) வந்தா பெரும்பாலும் எஸ்என்ஐ, அதாவது பிரவுசர் வெளிப்படையா அனுப்பற தளப் பெயரை வெச்சுத் தடுக்கறது. 451ங்கற பிழை எண் வந்தா, சட்டப்படி தடைன்னு நேர்மையா சொல்றாங்க (அதுக்குன்னே 2016ல ஆர்எஃப்சி 7725ன்னு ஒரு இணையத் தர ஆவணம் வந்துச்சு, ஆனா அதை அனுப்பற நல்ல மனசு எல்லாருக்கும் இல்ல).

இன்னொண்ணு: விண்டோஸ்ல வெறும் 1.1.1.1 போட்டா அது இன்னும் போர்ட் 53 (வழக்கமான டிஎன்எஸ் வாசல்), மறையாக்கம் கிடையாது. நடுவுல இருக்கறவர் படிக்கலாம், அவரே பதிலும் சொல்லிடலாம். அப்படி நடக்குதான்னு பார்க்க ஒரு சின்ன வழி இருக்கு. 192.0.2.1ங்கற முகவரி ஆவணங்கள்ல உதாரணம் காட்ட ஒதுக்கினது, அங்கே சர்வரே கிடையாது. என்எஸ்லுக்அப் கட்டளையில தளத்தோட பெயரைப் போட்டு, பக்கத்துல 192.0.2.1ஐப் போடுங்க. டைம்அவுட் ஆனா சரி. பதில் வந்தா யாரோ நடுவுல உட்கார்ந்து பதில் சொல்றாங்க. அது உங்க ரவுட்டராகவும் இருக்கலாம், போர்ட் 53 முழுக்கத் தன் பக்கம் திருப்புற ரவுட்டர்கள் உண்டு. அதையும் பார்த்துட்டு அடுத்தவங்களைத் திட்டுங்க.

சாளரம்

எதுக்கு இவ்வளவு? இலவச விபிஎன் ஒண்ணு போடுங்க ப்ரோ, வேலை முடிஞ்சுது.

தறிக்கால்

@சாளரம்: தளம் திறக்கும். ஆனால் இதுவரை இணைய நிறுவனம் பார்த்ததையெல்லாம் இனி முகம் தெரியாத ஒருவர் பார்ப்பார். பணம் வாங்காமல் சர்வர் நடத்துபவருக்கு எங்கிருந்து வருமானம் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு நிறுவுங்கள்.

@வலைநூல்: எச்டிடிபிஎஸ் பக்கத்தின் உள்ளடக்கத்தை மறைக்கிறது, முழு முகவரியில் பெயருக்குப் பின்னால் வருவதை மறைக்கிறது. தளத்தின் பெயரை மறைப்பதில்லை. ஒரே ஐபியில் பல தளங்கள் இருப்பதால், எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். அதற்காக உங்கள் பிரவுசர் முதல் செய்தியான கிளையன்ட் ஹலோவிலேயே தளத்தின் பெயரை வெளிப்படையாக எழுதி அனுப்புகிறது. அதுதான் எஸ்என்ஐ. தடுப்புப் பெட்டி அந்தப் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டு, சர்வர் அனுப்பியதுபோல ஒரு ரீசெட்டைப் போட்டுவிடுகிறது. இன்காக்னிட்டோ உங்கள் கணினியில் வரலாறு சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெளியே போகும் பாக்கெட்டில் எழுத்துகூட மாறாது.

உறுதிப்படுத்த மூன்று சோதனை. கமாண்ட் பிராம்ப்ட்டிலேயே, கர்ல் என்ற கருவியால் (கட்டளையிட்டுத் தளத்தைத் திறந்து பார்ப்பது) செய்யுங்கள். பழைய பவர்ஷெல்லில் 'கர்ல்' என்பது வேறொரு கட்டளையின் மாற்றுப்பெயர், விடை குழப்பும்.

முதலில், கர்ல் கட்டளையை 'வி' விருப்பத்தோடு அந்தத் தளத்துக்கு ஓட்டுங்கள். போர்ட் 443க்கு இணைந்த பிறகு பிழை 35 (மறையாக்கப் பேச்சு தொடங்கும்போதே முறிந்தது) வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, அதே ஐபிக்கு வேறு பெயரோடு போங்கள்: 'ரிசால்வ்' விருப்பத்தில் ஏதாவதொரு சாதாரணத் தளத்தின் பெயர், 443, தடைபட்ட தளத்தின் ஐபி. சான்றிதழ் பொருந்தவில்லை என்ற பிழையோ, டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க முறை) அலர்ட்டோ வந்தால் நல்லது, சர்வரே பேசுகிறது என்று பொருள். கடைசியாக இதைத் தலைகீழாக்குங்கள்: தடைபட்ட பெயர், ஆனால் சம்பந்தமே இல்லாத சர்வரின் ஐபி. அங்கேயும் ரீசெட் வந்தால் இனி சந்தேகம் வேண்டாம். அந்தத் தளத்தைப் பற்றி எதுவுமே தெரியாத சர்வர் எதற்காக அந்தப் பெயருக்கு மட்டும் கதவை அடைக்க வேண்டும்?

வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) இருந்தால், சின்-ஆக் பாக்கெட்டின் (இணைப்புக்குச் சர்வர் தரும் முதல் பதில்) டிடிஎல்லையும் (ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் எண்) ரீசெட் பாக்கெட்டின் டிடிஎல்லையும் எழுதுங்கள்.

வலைநூல்

192.0.2.1: டைம்அவுட்.
முதல் சோதனை: இணைந்தது, உடனே பிழை 35. இருபது தடவையும் அதே, ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.
இரண்டாவது: சான்றிதழ் பொருந்தவில்லை என்றது.
மூன்றாவது: ரீசெட்.
டிடிஎல்: சின்-ஆக் 51, ரீசெட் 60.

பாக்கெட்பாண்டி

கையும் களவுமா மாட்டியாச்சு. ரெண்டுமே 64ல கிளம்புச்சுன்னு வெச்சா, சர்வர் 13 தாவல் தள்ளி இருக்கு, ரீசெட் போட்டது 4 தாவல்லயே இருக்கு. டிரேஸ்ரூட்ல (வழியில இருக்கற ரவுட்டர்களை வரிசையா காட்டற கட்டளை) நாலாவது, அஞ்சாவது வரி யார் நெட்வொர்க்னு பாருங்க. இதை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்லிட முடியாது. சில பெட்டிங்க டிடிஎல்லைப் போலியாவும் போடும், 128லயோ 255லயோ கிளம்புற சாதனமும் உண்டு. ஆனா உங்க மூணாவது சோதனையோட சேர்த்துப் பார்த்தா போதும்.

வலைநூல்

நன்றி. ஆனால் கர்லில் ஒருபோதும் திறக்காதது குரோமில் மட்டும் எப்படி அவ்வப்போது திறக்கிறது?

தறிக்கால்

முதலில் ஒன்றைக் கழித்துவிடுவோம். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், 'புரோட்டோகால்' பத்தியைக் காட்டச் செய்து, திறக்கும் தடவைகளில் எச்2வா எச்3யா என்று பாருங்கள். எச்2 என்றால் வழக்கமான டிசிபி இணைப்பு. எச்3 என்றால் அது யுடிபி வழியாகப் போகும் க்விக் என்ற வேறு வகை இணைப்பு. அதில் முதல் பாக்கெட் மறையாக்கப்பட்டிருந்தாலும் சாவியை அந்தப் பாக்கெட்டை வைத்தே கணக்கிட்டுவிடலாம். ஆனாலும் பல பெட்டிகள் அந்த வேலைக்குப் போவதில்லை.

வலைநூல்

எச்2தான்.

தறிக்கால்

அப்படியானால் எனக்குப் படுவது இது. 2024 ஏப்ரலில் வந்த குரோம் 124 முதல், குவாண்டம் கணினிக்கும் தாங்கக்கூடிய சாவிப் பரிமாற்றம் இயல்பாகவே இயங்குகிறது. இப்போதைய வடிவத்தில் அந்தச் சாவி மட்டுமே 1,216 பைட். டிசிபி பாக்கெட் ஒன்று சுமப்பது ஏறக்குறைய 1,460 பைட்தான். அதனால் கிளையன்ட் ஹலோ ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாக உடைகிறது. இதோடு, உள்ளிருக்கும் நீட்சிகளின் (பெயர், சாவி போன்ற பகுதிகளின்) வரிசையை குரோம் ஒவ்வொரு இணைப்பிலும் கலைத்துப் போடுகிறது. பெயர் சில தடவை முதல் பாக்கெட்டில் விழும், சில தடவை இரண்டாவதில். பெட்டி முதல் பாக்கெட்டை மட்டும் பார்க்கிற சோம்பேறியாக இருந்தால், இரண்டாவதில் விழுந்த பெயர் தப்பித்துவிடும். விண்டோஸின் கர்ல் அனுப்பும் ஹலோ சின்னது, ஒரே பாக்கெட். அதனால்தான் இருபதுக்கு இருபது.

சரிபார்க்க: வயர்ஷார்க்கில் பாக்கெட் பைட்டுகளுக்குள் தளத்தின் பெயரைத் தேடுங்கள். தோற்றுப்போன இணைப்பு ஐந்திலும் திறந்த இணைப்பு ஐந்திலும் பெயர் எந்தப் பாக்கெட்டில் என்று பாருங்கள். ஐஎஸ்பி கோளாறோ சர்வர் பாரமோ என்றால் வெற்றியும் தோல்வியும் பெயரின் இடத்தைப் பொறுத்துப் பிரியாது.

வலைநூல்

தோற்ற ஐந்திலும் முதல் பாக்கெட்டில். திறந்த ஐந்திலும் இரண்டாவதில்!

பாக்கெட்பாண்டி

அடடே, அழகு. இதை நம்பி உட்கார்ந்துடாதீங்க. பாக்கெட்டை ஒட்டவெச்சுப் படிக்கற அப்டேட் ஒண்ணு அந்தப் பெட்டிக்கு வந்தா கதை முடிஞ்சுது.

இரவல்குடை

இடையில் ஒரு சந்தேகம். 'பாதுகாப்புக்காக இந்தச் சான்றிதழை நிறுவவும்' என்று இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் அதுவும் இதே வகையா?

தறிக்கால்

அது இதைவிட மோசம், நிறுவாதீர்கள். எஸ்என்ஐ தடுப்பில் பெயர் மட்டும்தான் தெரியும். இப்படிப்பட்ட ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களை உங்கள் கணினி நம்ப அடிப்படையானது) நிறுவினால், நடுவில் இருப்பவர் எந்தத் தளமாகவும் நடித்து, கடவுச்சொல் வரை திறந்து படிக்கலாம். 2019 ஜூலையில் கசக்ஸ்தானில் இதைத்தான் செய்யச் சொன்னார்கள். ஆகஸ்டில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் அந்தச் சான்றிதழையே ஏற்க மறுத்துவிட்டன.

@வலைநூல்: நிரந்தரத் தீர்வு என்றால் முதலில் ஈசிஎச், அதாவது கிளையன்ட் ஹலோவையே மறையாக்குவது. ஃபயர்ஃபாக்ஸில் 119ஆம் பதிப்பு முதல் இயல்பாகவே உண்டு, ஆனால் மறையாக்கிய டிஎன்எஸ்ஸும் இயங்க வேண்டும். அமைப்புகளில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' பகுதியில் 'மேக்ஸ் புரொடெக்‌ஷன்' தேர்ந்தெடுங்கள். இயல்பு நிலையிலேயே விட்டால், உங்கள் நெட்வொர்க் ஒரு சோதனைப் பெயருக்கு 'இல்லை' என்று பதில் தந்தே அதை அணைத்துவிட முடியும். தளத்தின் பக்கமும் ஆதரவு வேண்டும்: கூகுள் பப்ளிக் டிஎன்எஸ்ஸின் வினவல் பக்கத்தில் தளத்தின் பெயருக்கு வகை 65 (எச்டிடிபிஎஸ் விவரப் பதிவு) கேளுங்கள். பதிலில் 'ஈசிஎச்=' என்று தொடங்கும் நீண்ட எழுத்துக்கோவை இருந்தால் உண்டு. இருந்தாலும் சாஸ்வதம் இல்லை. 2024 நவம்பரில் ரஷ்யாவில், பல தளங்களுக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர், மறைத்த பெயருக்குப் பதிலாக வெளியே காட்டும் பொதுப்பெயரை வைத்தே ஈசிஎச் இணைப்புகளை வெட்டினார்கள்.

வலைநூல்

வகை 65 பதில் வருகிறது, அதில் ஈசிஎச் இல்லை.

தறிக்கால்

அப்படியானால் சுரங்கம்தான், அதாவது எல்லாவற்றையும் மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது. வாடகை சர்வரில் சொந்தமாக வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளைப் போடலாம், நம்பகமான கட்டண விபிஎன் எடுக்கலாம், அல்லது டோர். உங்கள் நாட்டுச் சட்டம் விபிஎன் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் பயன்படுத்துவதே வம்பு.

வயர்கார்ட் வேகமானது, ஆனால் ஒளியத் தெரியாதது. முதல் செய்தி எப்போதும் 148 பைட், மறுமொழி 92 பைட். தேடுகிறவன் கண்ணில் உடனே படும். உங்கள் நெட்வொர்க்கில் அதையும் வெட்டுகிறார்கள் என்றால் டோர் பிரவுசரில் இணைப்பு அமைப்புக்குப் போய் ஓபிஎஃப்எஸ்4 அல்லது ஸ்னோஃப்ளேக் பிரிட்ஜைத் (டோர் என்று தெரியாமல் உள்ளே நுழையும் வழி) தேர்ந்தெடுங்கள். டோரில் மூன்று ரிலேக்கள் (இடையில் கடத்திவிடும் சர்வர்கள்). முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக்கு நேர்மாறு.

பாக்கெட்பாண்டி

வயர்கார்ட் போட்டா ரெண்டு இடத்துல எல்லாரும் விழுவாங்க. சில தளம் மட்டும் பாதியில நின்னா எம்டியு (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு), 1420ல இருந்து 1280க்கு இறக்குங்க. அடுத்தது, 'அலவ்ட் ஐபிஸ்' வரியில 0.0.0.0/0 (எல்லா ஐபிவி4 முகவரியும்) மட்டும் போட்டா ஐபிவி6 சுரங்கத்துக்கு வெளியிலேயே ஓடும். பக்கத்துல ::/0ம் (எல்லா ஐபிவி6 முகவரியும்) வேணும். டிஎன்எஸ் வரியையும் மறக்காதீங்க.

வலைநூல்

வயர்கார்ட் போட்டு ஒரு மணி நேரமாகிறது. சுரங்கம் இயங்கியது, ஆனால் தளத்தில் அதே ரீசெட். தளத்துக்கு ஐபிவி6 முகவரியும் இருக்கிறது. என் கோப்பில் ::/0 இல்லை. சேர்த்ததும் கர்ல் இருபதுக்கு இருபது திறக்கிறது.